மேட்டுத் தெருவுக்கு வந்தவர்

"கீழத் தெருக்காரிக காப்பியோட நிறுத்திக்கிட்டாளுக. நாம ஆரத்தி எடுக்கணும். இன்னைக்கு அவரு கழுத்துல மொத மாலை நம்ம மாலையாத்தான் விழணும்" என்று தெருப் பெண்களிடம் சொன்னபடி சிவனம்மாள் தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தாள்.

கரைப்பதற்கு எடுத்தது அரை டம்ளர் தண்ணீர். அதையும் மருமகள் மாலதியைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள்.

மாலதி தலையைக் குனிந்துகொண்டாள். மழை பொய்த்த வருஷம். பதினாறு நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டில் மிச்சமிருந்த இரண்டு குடத்தையும், நேற்று வெள்ளிக்கிழமை என்று தலைக்கு ஊற்றித் தீர்த்தவள் அவள்.

சிறுமலையில் அவள் பிறந்த வீட்டுக்குப் பின்னால் ஓடை. தண்ணீரை எண்ணிப் புழங்க வேண்டும் என்பதே, திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்ட இந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்தது. மாமியார் திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அவளோ ஒரு வார்த்தை பேசவில்லை. திருட்டு நகையை ஒளிப்பதுபோல் மாலதி கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டு, முந்தானையால் மூடிக்கொண்டு திரிந்தாள்.

சாயங்காலம் நாத்தனார் இளவேனிலைப் பெண் பார்க்க வடமதுரையிலிருந்து பதினொரு பேர் வருகிறார்கள். காப்பிக்குக்கூடத் தண்ணீர் கிடையாது. இந்தச் சம்பந்தம் தட்டிப் போனால் அது அவள் தலைமுடியால் போனதாகத்தான் இருக்கும். யாரும் சொல்லாவிட்டாலும் காலமெல்லாம் அவளே சொல்லிக்கொள்வாள்.

அதனால்தான் துணிந்தாள். வீட்டு வசதி, உள்ளாட்சித் துறை அமைச்சர் இன்று வருகிறார் என்று மூன்று நாளாக ஒலிபெருக்கி கத்துகிறது. தெருமுனையில் 'தாகம் தீர்த்த தலைவா, வருக!' என்று தட்டி. அதில் வரைந்திருந்த மீசை முகம் ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும். காலையில் உட்கார்ந்து ஒரு மனு எழுதி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முனையில் கார்களின் ஹாரன் சத்தம் கேட்டது. தெருவை அடைத்து வரிசை வைத்திருந்த குடங்களால் அவை அங்கேயே நின்றுவிட்டன.

"வந்துட்டாரு! ஏ, வந்துட்டாரு!" என்று எதிர்வீட்டு நர்கீஸ் கத்தினாள். பெண்கள் ஓடினார்கள்.

முன்னால் ஒருவர் வெள்ளை வேட்டி, தோளில் துண்டுடன், கும்பிட்ட கையோடு சிரித்துக்கொண்டே வந்தார். யாரோ கட்சிக்காரர் போல. மாலையைப் பார்த்ததும் கழுத்தை நீட்டினார்.

"செத்த தள்ளி நில்லுங்கப்பு" என்று சிவனம்மாள் அவரை ஒதுக்கிவிட்டு, பின்னால் வந்த குள்ளமான மனிதரின் கழுத்தில் மாலையைப் போட்டாள். நீட்டிய கழுத்தை மடக்கத் தெரியாமல் முன்னவர் அப்படியே நின்றார்.

"ஏண்ணே, ஒங்களுக்கும் ஆசையாக்கும்?" என்று நர்கீஸ் சிரித்தாள்.

குள்ளமானவருக்கு ஆரத்தி சுற்றினார்கள். "எம்புட்டு நாளாச்சு ஒங்க மொகத்தப் பாத்து!" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடக்கூட இல்லை. எளிமை என்றால் இதுதான் என்று மாலதிக்குத் தோன்றியது.

இடுப்பில் குடம், கையில் அப்பா கொண்டுவந்த சிறுமலைப் பழச் சீப்பு. மனுவை எடுக்கக் கை போதவில்லை. ஓரமாகச் சும்மா நின்ற துண்டுக்காரரிடம், "அண்ணே, இதச் செத்த நேரம் பிடிங்க" என்று குடத்தைக் கொடுத்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

"ஐயா..." பழத்தையும் மனுவையும் நீட்டினாள். "நாந்தாய்யா தப்புப் பண்ணிட்டேன். இருந்த தண்ணிய தலைக்கு ஊத்திட்டேன். நாலு மணிக்குப் பொண்ணு பாக்க வாராக. ஒரு கொடம் தண்ணி வந்தாக்கூட..."

பழத்தை வாங்கிய உள்ளங்கை காய்ப்பேறிச் சொரசொரத்தது. பதவி வந்த பின்னும் உழைப்பை விடாத கை. மனுவை அது தொடவில்லை.

"பேப்பரெல்லாம் எதுக்கும்மா? எந்த வீடு?"

"இதே தெருதான். கடைசி வீடு."

"மேடாச்சே. கொஞ்சம் கூட்டித்தான் விடணும். நீ போயி கொடத்த வையி."

அவ்வளவுதான். கோப்பு இல்லை, கையெழுத்து இல்லை. மாலையும் கழுத்துமாக அவர் தெருக்கோடியில் திரும்பி மறைந்தார்.

ஐந்து நிமிஷம் இருக்கும். குழாய் இருமியது. காற்றைத் துப்பியது. பிறகு, வரிசையில் முதலில் இருந்த பித்தளைக் குடத்தின் அடியில் சடசடவென்று தண்ணீர் விழுந்தது.

மாலதிக்கு அழுகை வந்தது. இந்த ஊர் முதல் தடவையாக அவள் பேச்சைக் கேட்டிருக்கிறது. முந்தானை தலையிலிருந்து நழுவியது. அவள் அதை இழுத்துவிடவில்லை.

"அத்த! மந்திரிகிட்ட நானே பேசிட்டேன் அத்த! என்னா மனுசன்! கேட்ட ஒடனே தண்ணி விட்டுட்டாரே!"

சிவனம்மாள் குடங்களுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து, நேற்றிலிருந்து முதல் முறையாக மருமகளிடம் வாய் திறந்தாள்.

"அடியே, அவரு வால்வு தெறந்து விடுற நல்லுசாமி. மந்திரி அந்தா நிக்கிறாரு, ஒங்கொடத்தப் பிடிச்சுக்கிட்டு. வெரசா வாங்கிட்டு வா, தண்ணி வீணாப் போகுது!"