ரோஷக்காரர் வீட்டு ஐஸ்

டொக்... டொக்... மடார்.

சமையலறைக்குள்ளிருந்து வந்தது. ஐஸ் தட்டை மேடையில் தட்டும் சத்தம். வஹீதுன்னிசாவுக்கு அது அத்துப்படி. மருமகள் சபீஹா தன் வீட்டில் இருந்த வரைக்கும் அன்றாடம் கேட்டதுதானே.

"ஆரம்பிச்சுட்டா பாரு" என்று மகன் காதில் கிசுகிசுத்தாள்.

ஃபர்ஹான் தலை நிமிரவில்லை. ராசிபுரத்தில் மாமனார் வீட்டுக்கு வந்ததே, பெண்டாட்டியைக் கூட்டிப் போவதா, ஜமாத்தில் சொல்லி முறித்துக்கொள்வதா என்று முடிவு செய்யத்தான். அம்மா பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள்.

சபீஹாவுக்குக் கோபம் வந்தால் வீடு தாங்காது. ஒருநாள் குழம்புச் சட்டியைச் சுவரில் அடித்துவிட்டு, அவளே உட்கார்ந்து அழுதாள். ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவில் கவுன்சிலிங் கொடுக்கும் லிடியா, இது பைத்தியமில்லை, சுபாவத்தில் விழுந்த சிக்கல், மெல்ல மீண்டுவிடலாம் என்றார். கோபம் ஏறினால் ஐஸ்கட்டியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கரைந்த பிறகு, மனசில் பட்டதைக் குரல் உயர்த்தாமல் சொல்ல வேண்டும். நோன்பு மாதத்தில் சர்பத்துக்கு ஒரு கட்டி மிஞ்சவில்லை என்பது வஹீதுன்னிசாவின் தீராத குறை.

இத்தனைக்கும் அவளே ஆசைப்பட்டு எடுத்த சம்பந்தம். சபீஹாவின் அத்தா கரீம் பாஷா, நெய் வியாபாரி. கலப்படமா என்று ஒருத்தன் கேட்டதற்கு ஒரு டின் நெய்யையும் அப்படியே சாக்கடையில் கவிழ்த்தவர். ரோஷமான மனுஷன் என்று ஊரே மெச்சியது. அதே ரத்தம் மகள் உடம்பில் ஓடினால் வியாதி.

சற்று முன் அவரிடம் நேராகவே சொல்லிவிட்டாள்: "தலைல கோளாறு இருக்கற புள்ளைய மறைச்சுக் கட்டி வச்சுட்டீங்களே, சம்பந்தி."

அவர் டீ கொண்டு வருவதாக எழுந்து போனார். உண்மை சுட்டிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வாசல் கதவு திறந்தது. மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள் சபீஹா. சலாம் சொல்லி, உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினாள்.

உள்ளே மறுபடி டொக்.

வஹீதுன்னிசா சமையலறையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். "அப்ப உள்ள யாரு?"

சபீஹாவின் கை நின்றது. "அத்தாதானுங்க, மாமி. நாங்க ரெண்டு பேருமேதான் இப்ப லிடியா அக்காகிட்ட போறோம்." குரலைத் தாழ்த்தினாள். "அத்தாவ ஏதாச்சும் சொன்னீங்களா?"

கரீம் பாஷா வந்தார். வலக்கையில் டீத்தட்டு. மூடிய இடக்கையின் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

"நீங்க சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுதுங்க, சம்பந்தி" என்றார், பாடம் ஒப்பிக்கும் பையனைப்போல. "டீ எடுத்துக்கங்க."

வஹீதுன்னிசாவுக்குச் சுர்ரென்று ஏறியது. வீசிய கையில் தட்டு பறந்தது. டம்ளர் சுவரில் மோதி உருண்டது. டீ வழிந்தது.

யாரும் கத்தவில்லை.

"இன்னும் ரெண்டு கட்டி இருக்குதுங்க, மாமி" என்றாள் சபீஹா. "எடுத்துட்டு வரட்டுமா?"

அவள் விட்ட இடத்திலிருந்து துணி மடித்தாள். பெரிய போர்வை வந்தபோது, ஃபர்ஹான் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.