விமான நிலையத்தில் கடைசி இயல்

அக்கா பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கைப்பையில் அது கடவுச்சீட்டுக்கும் மேலே கிடந்தது.

விமான நிலையத்தின் பொதுக் கூடத்தில், தூணையொட்டிய அதே இரண்டு நாற்காலிகளில் சகோதரிகள் உட்கார்ந்தார்கள். அக்காவின் பெரிய பெட்டி எதிரே நின்றது. அதை இன்னும் கவுண்டரில் ஒப்படைக்கவில்லை.

"இன்னும் நேரம் கிடக்கு. கடைசி இயலக் கொடு," என்றாள் அக்கா.

தங்கையின் ஆய்வேட்டில் மற்ற இயல்களையெல்லாம் திருத்தியவள் அவள்தான். இது ஒன்றுதான் பாக்கி. இன்று விட்டால் இனி இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரு தாளைப் பார்ப்பது எப்போதோ. அத்தான் முன்னமே போய், கடல் கடந்த ஊரில் வீடும் பார்த்துவிட்டார். வேலை நிரந்தரம். அக்கா திரும்பி வருவதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேச்செடுக்கவில்லை.

அக்காவின் சொந்த ஆய்வேடு கல்யாணத்தோடு இரண்டாம் இயலில் நின்றுபோனது. கேட்டால், உன்னுடையது முடிந்தால் என்னுடையது முடிந்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

ஒரு காலத்தில் இருவரும் அன்றாடம் இங்கே வந்துதான் படித்தார்கள்.

வீட்டுக்குக் கீழே தகரப்பட்டறை. மேலே இரண்டு அறைக்குள் மூன்று குடும்பத்து ஆட்கள். நூலகமோ பொழுது சாயுமுன் கதவைச் சாத்திவிடும். பேருந்தின் கடைசி நிறுத்தம் விமான நிலையம் என்பதைக் கண்டுபிடித்தவள் அக்கா. நல்ல வெளிச்சம், இதமான குளிர்ச்சி, தண்ணீர் வரும் குழாய். எல்லோரும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடும் அந்தக் கூடத்தில், எங்கும் போகாதவர்களுக்கு மட்டும் நேரம் கொட்டிக் கிடந்தது.

காவலர் கேட்டால் சொல்வதற்கென்று ஒரு பெரியப்பாவையும் அக்கா உண்டாக்கினாள். பெரியப்பாவின் விமானம் எப்போதும் தாமதம். பரீட்சைக் காலம் வந்தால் தாமதம் இன்னும் கூடும்.

மீசைக்காரக் காவலர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்: "உங்க பெரியப்பா என்னம்மா, நடந்தே வர்றாரா?"

அன்று சிரித்த சிரிப்பில் இருவருக்கும் ஒரு வரிகூட ஏறவில்லை. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்டதில்லை. அந்த நாற்காலிகளில் வேறு யாராவது உட்காரப் போனால் சற்றுத் தள்ளி நின்று செருமுவார்.

ஒலிபெருக்கிதான் பெருந்தொல்லை. ஓயாமல் யாரையாவது அழைத்துக்கொண்டே இருக்கும். அக்கா அதற்கும் வழி கண்டாள். அந்தக் குரல் போகிறவர்களுக்கு, நமக்கு இல்லை என்று ஒருநாள் முடிவுகட்டினாள். சில வாரங்களில் அவள் காது அதற்கு அடைத்தே போயிற்று. கூரையை உரசிக்கொண்டு விமானம் போனாலும் தலை நிமிர மாட்டாள்.

தனக்கும் அப்படியே ஆகிவிட்டதாகத் தங்கை சொன்னாள். ஆகவில்லை. ஒவ்வோர் அழைப்பும் அவளுக்குக் கணீரென்று கேட்டது. அக்காவுக்கு ஈடாக உட்கார அந்தப் பொய் வேண்டியிருந்தது.

இப்போது பென்சில் தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

"பக்கத்துக்குப் பத்து 'எனலாம்' போட்டிருக்க. நீ சொல்றியாடி, இல்ல பர்மிஷன் கேக்கறியா?"

தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஒலிபெருக்கி அழைத்தது. அக்காவின் விமானம். பெட்டியை ஒப்படைக்காத பயணிகள் கவுண்டருக்கு வரவேண்டும்.

அக்கா தலை நிமிரவில்லை.

தங்கை வாயெடுத்தாள். பென்சில் அப்போது ஒரு நீண்ட வாக்கியத்தை நடுவில் நிறுத்தி இரண்டாக்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளாய் அவளை அலைக்கழித்த வாக்கியம் அது. ஒரே கோட்டில் மூச்சுவிட்டது. இந்தப் பக்கம் முடியட்டும் என்று இருந்துவிட்டாள்.

பக்கம் முடிந்தது. அடுத்ததை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாவது அழைப்பு. எதிர்வரிசையில் இருந்த குடும்பம் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிற்று.

சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. கடல் தாண்டி அந்த ஊரில் அத்தான் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார். அந்த முகத்தை நினைத்துப் பார்த்தாள். நினைத்தும் அடுத்த தாளைத்தான் நகர்த்தி வைத்தாள். அக்காவின் தோள் அவள் தோளில் சாய்ந்திருந்தது. தாளில் பென்சில் உரசும் ஓசை பழைய நாளைப் போலவே இருந்தது.

கடைசி அழைப்பு வந்தபோது பயணியின் பெயரையே சொன்னார்கள். அப்பாவின் தலைப்பெழுத்தோடு, முழுப்பெயர்.

இதற்கு மேலும் பேசாதிருந்தால் அது திருட்டு.

"அக்கா," என்றாள். தோளால் மெல்ல இடித்தாள். "அக்கா… உன்னத்தான் கூப்பிடறாங்க."

அக்கா நிமிரவில்லை. பென்சில் முனை ஒரு வரியின் தொடக்கத்தில் நகராமல் நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறதென்று தங்கை கவனித்திருக்கவில்லை.

"மூணு தடவையும் கேட்டுச்சுடி," என்றாள் அக்கா. "நீ அடுத்த பக்கத்த எடு."