கண்ணில் படாத இடம்

“ஏங்க, வீட்டுல யாரோ இருக்காங்க.”

“நீயும் நானும் இருக்கோம். வேற யாரு?” என்றார் கணவர். கடிகாரம் பழுது பார்த்தவர். கடையை மூடிய பிறகும் கையில் எதையாவது வைத்துத் திருகிக்கொண்டே இருப்பார்.

டீச்சர் விடவில்லை.

“சாயங்காலம் டி.வி. முன்னால உட்கார்ந்தா, வலது பக்கம் யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குது. பார்த்தா வெறும் சுவரு. சுவரு எங்கயாவது செருமுமா?”

“உனக்குக் காது அடைச்சிருக்கும்.”

“நான் திரும்பறதுக்குள்ள பக்கத்து ரூம் திரைச்சீலை ஆடுது.”

“காத்து.”

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டீச்சருக்கு வைத்திருந்த பெயர் சோடாபுட்டி. அவ்வளவு தடிமனான கண்ணாடி. அதிலும் இடது கண் போய்ப் பல வருஷம் ஆகிறது. இருக்கிற ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, பார்த்தேன் பார்த்தேன் என்று யாரிடம் வாதாடுவது?

ஒருநாள் அந்தச் சுவர் தும்மியது.

டீச்சர் தட்டுத்தடுமாறி எழுந்து போய், சுவரோரம் கிடந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். யாருமே உட்காராத நாற்காலி. வெதுவெதுப்பாக இருந்தது.

கொஞ்ச காலமாகவே கணவரின் நடவடிக்கையும் சரியில்லை. டீச்சர் உட்காரும் நாற்காலியின் கால்களைத் தரையோடு சேர்த்துத் திருகி முடுக்கிவிட்டார். “நகர்ந்தா நீ விழுந்துடுவே” என்றார். டி.வி.யையும் யாரும் அசைக்கக் கூடாதாம். அந்தச் சுவரோர நாற்காலியையும்தான்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, டீச்சர் தனியாகக் கண் டாக்டரிடம் போனார்.

டாக்டர் விழித்திரையின் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். செம்மண் நிறத்தில் ஒரு வட்டம். அதற்குள் நரம்பு நுழையும் இடம். அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய திட்டு.

“கிட்டப்பார்வை முத்திப்போனா கண்ணு நீளமா இழுபடும், டீச்சர். ஊதின பலூன் மாதிரி. நரம்பைச் சுத்தி இருக்கற ஜவ்வு நைஞ்சு போயிடும். நரம்பு நுழையற இடத்துல யாருக்குமே பார்வை கிடையாது. உங்களுக்கு அந்த ஓட்டை ரொம்பப் பெரிசாயிடுச்சு. இன்னொரு கண்ணு இருந்தா அது ஈடுகட்டும்.”

“ஓட்டைன்னா அங்க இருட்டால்ல தெரியணும்?”

“தெரியாது. சுத்தி என்ன இருக்கோ அதையே வெச்சு மூளை ஒட்டுப் போட்டுடும். சுவரு முன்னால ஒரு ஆள் உட்கார்ந்திருந்தா, ஆள் காணாமப் போயிடுவார். சுவரு மட்டும் இருக்கும்.”

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தை நெருங்கிப் பார்த்தார்.

“இதெல்லாம் போன தடவையே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே? நீங்க நேரா பார்த்துட்டிருந்தா எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி உட்கார்ந்தா ஒரு ஆள் முழுசா மறைவார்னு குடைஞ்சு குடைஞ்சு கேட்டார். கையால அளந்து காட்டச் சொன்னார்.”

வீடு வந்து சேரும்வரை டீச்சருக்கு அதே யோசனைதான். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன். யாரைக் கொண்டுவந்து அங்கே உட்கார வைக்கிறார்? எனக்குப் பைத்தியம் பிடிக்கட்டும் என்றா?

சாயங்காலம் வழக்கம்போல டி.வி. முன்னால் உட்கார்ந்தார். மடியில் குடை. எதற்கும் இருக்கட்டும்.

கொஞ்ச நேரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

டீச்சர் அசையவில்லை. வலப்பக்கம் சுவர். வெறும் சுவர். அது மூச்சு விட்டது.

முகத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் மெல்ல, மெல்ல வலப்பக்கம் நகர்த்தினார். சுவருக்குள்ளிருந்து ஒரு முழங்கை வெளியே வந்தது. அப்புறம் தோள். நரைக்கத் தொடங்கிய கிருதா. முகம்.

மகன்.

இடது கண்ணில் மின்னல் மின்னலாக வெட்டி, கரும்புள்ளிகள் கொட்டிய அந்த நாள். கணவர் ஊரில் இல்லை. “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடா” என்று டீச்சர் மகனிடம் கெஞ்சினார். “நாளைக்குப் பார்த்துக்கலாம்மா” என்று சிநேகிதர்களோடு கிளம்பிப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் விழித்திரை கழன்று, அந்தக் கண் போயே போய்விட்டது.

“மிச்சமிருக்கற இந்த ஒத்தைக் கண்ணுல இனிமே நீ படவே கூடாது!”

டீச்சர்தான் சொன்னார். சொன்னதை அவன் மீறவில்லை. படாத இடமாகப் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறான்.

டீச்சரின் கை குடையை விட்டது.

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். அது இல்லாமல் எதிரே இருக்கும் அம்மா அவனுக்கு வெறும் மங்கல்தான். அவர் பார்ப்பது அவனுக்குத் தெரியவில்லை. கண்ணாடியோ, டீச்சருடையதற்குக் கொஞ்சமும் குறையாத தடிமன்.

அவன் அதை எடுத்து மாட்டுவதற்குள் டீச்சர் பார்வையை டி.வி.க்குத் திருப்பிக்கொண்டார். மகன் மறுபடியும் சுவரானான்.

கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். “என்ன, இன்னைக்கும் யாராவது இருக்காங்களா?” குரல் லேசாக நடுங்கியது.

“யாரும் இல்லைங்க.”

டீச்சர் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது.

“ஆனா, அந்த இல்லாத ஆளுகிட்ட ஒண்ணு சொல்லுங்க. கண்ணாடி ரொம்பத் தடிச்சுப் போயிருக்கு. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளாம, அவன் கண்ணைப் போய்க் காட்டச் சொல்லுங்க.”