பதினொன்று இருபத்தைந்து

ஊரின் புதுத் தொட்டியை முதல்முறையாகக் கழுவுவதற்கு எட்டு மணிக்கு வால்வைத் திறந்தார் தொட்டி ஆபரேட்டர் விசுவாசம். ஒன்பதுக்குத் தண்ணீர் சரிபாதி இறங்கியிருந்தது. மீதி வடிய இன்னும் ஒரு மணி நேரம் என்று அறிவிக்க மைக்கை எடுத்தார். அவர் சொல்லும் நேரத்தை நம்பித்தான் கழுவும் ஆட்கள் கிளம்புவார்கள், ஊர் உலை வைக்கும். முப்பது வருடத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

"பத்துக்கு வடியாதுப்பா," என்றாள் மகள் அமலி. கல்லூரி நோட்டில் ஒரு பக்கம் முழுக்க வகைக்கெழுச் சமன்பாடு போட்டிருந்தாள். "மட்டம் குறையக் குறைய அழுத்தமும் குறையும், தண்ணி மெதுவாத்தான் போகும். பதினொண்ணு இருபத்தஞ்சு ஆகும்."

மகள் போட்ட கணக்கு என்று சொல்லி, பதினொன்று இருபத்தைந்து என்றே மைக்கில் அறிவித்தார் அவர்.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. "ஏன்வே, உம்ம மக உத்தரவு போட்டாத்தான் தண்ணி இறங்குமோ?" என்றார் டீக்கடை சூசை.

"ஆமாவே, அவ சொன்னா கேக்கும்," என்றார் விசுவாசம்.

பதினொன்று இருபதுக்குக் குழாய் முனையில் தண்ணீர் நூலாக மெலிந்தது. எல்லோரும் கடிகாரத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். விசுவாசம் இரண்டையும் பார்க்கவில்லை. நாற்காலியைக் கூட்டத்தின் முகங்களுக்கு நேராகத் திருப்பிப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.