வழக்கொழிந்த பொருள்

அவள் அந்தச் சீட்டை என் மேஜைப் பக்கம் தள்ளினாள்.

“இதை நீங்களே எழுதிடுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அகராதி அலுவலகத்தில் நானும் என் மனைவியும் எதிரெதிர் மேஜை. தனக்கு வந்த சொல்லை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை. ‘கழுதை’யை ஆசிரியர் எனக்குக் கொடுத்துவிட்டார் என்று என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள்.

சீட்டில் இருந்த ஆங்கிலச் சொல், கிறிஸ்டன்டம்.

லேசான வேலைதான். அதையே தட்டிக்கழிக்கிறாள் என்றால் மனசு இங்கே இல்லை. எங்கே இருக்கிறது என்பதுதான் ஒரு மாதமாக என்னை அரிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையானால் கிளம்பிவிடுகிறாள். கேட்டால் சிநேகிதி வீடாம். நேற்று அந்தச் சிநேகிதியே இவளைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்து நிற்கிறாள்! பல்லைக் கடித்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தேன்.

மதியம் இவள் தலை நனைந்து வந்தாள். வெளியே சுள்ளென்று வெயில்.

எவன் வீட்டில் குளித்துவிட்டு வருகிறாய் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. பதில் சொல்லிவிட்டால்? அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்குப் பயம்.

எரிச்சலோடு எழுதினேன். கிறிஸ்தவ நாடுகளும் மக்களும் சேர்ந்த உலகம்.

ஆனால் பிறந்தபோது இந்தச் சொல்லுக்கு இவ்வளவு பெரிய உடம்பு இல்லை. பழைய ஆங்கிலத்தில் ஓர் ஆள் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக இருக்கும் நிலைக்கும் இதே சொல்தான். நாடு, கண்டம் எல்லாம் போகப்போகச் சேர்ந்துகொண்டவை. அந்தப் பழைய பொருளையும் எழுதி, பக்கத்தில் ‘வழக்கொழிந்தது’ என்று போட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதச் சொல்லை அந்த மதத்துக்காரர் எழுதக்கூடாது. பாசத்தில் பூசி மெழுகிவிடுவாராம். வெளியாள் எழுதி, உள்ளாள் சரிபார்க்க வேண்டும். கிறிஸ்தவச் சொற்களுக்கு இருக்கும் ஒரே உள்ளாள் தட்டச்சர். அவரிடம் கொண்டுபோக எழுந்தேன்.

அவள் கையை நீட்டினாள்.

“குடுங்க, நான் சரிபார்க்கிறேன்.”

எழுத மாட்டாளாம், சரிபார்ப்பாளாம். என்ன திமிர்! அது தட்டச்சர் வேலை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

நேற்று அந்தத் தலை எங்கே நனைந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சீட்டைக் கொடுத்தேன். என் கண்ணைப் பார்க்காமல் சீட்டையே பார்த்தபடி வாங்கினாள். அவளுக்கும் என்னை நினைத்துப் பயம்தான் போல.

நிதானமாகப் படித்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரே ஒரு சொல்லை மட்டும் அடித்தாள்.

வழக்கொழிந்தது.