வெள்ளிக் கேபிள்

சடகோபன் வேளச்சேரி ஃபிளாட்டை விற்று, சங்கீதம் இன்னும் தெளிவாகக் கேட்கவென்று காதுக்கும் மூளைக்கும் நடுவே சுத்த வெள்ளிக் கேபிள் பதித்துக்கொண்டார். கட்டுப் பிரித்ததும், சமையலறையில் காம்போதி ராகம் பாடிக்கொண்டிருந்த மனைவியைக் கையமர்த்தினார்.

“இருபது வருஷமா ஸ்ருதி சேராமலே பாடிண்டிருக்கே வகுளா. இப்பத்தான் துல்லியமா கேக்கறது.”

வகுளா அதோடு பாட்டை விட்டாள். ‘வீட்டில் இப்போது இரைச்சலே இல்லை’ என்று அவர் நண்பர்களிடம் கேபிளைச் சிலாகித்தார்.

பத்தாம் நாள் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார்.

“சாரி சார், உங்க கேபிள் இங்க பெட்டியிலயே இருக்கு. அன்னிக்கு வெறும் கட்டு மட்டும் போட்டு அனுப்பிட்டோம்.”

சடகோபன் சமையலறை வாசலில் போய் நின்றார்.

“வகுளா, அந்தக் காம்போதியைக் கொஞ்சம் எடேன்.”

“மொதல்ல கேபிள் வரட்டும்ண்ணா. அதுவரைக்கும் இதைக் கேளுங்கோ” என்று அவள் மிக்ஸி சுவிட்சைத் தட்டினாள்.