கோணல் பூ

வீட்டுக்காரி மைதிலி விருந்தாளிகளுக்காகக் கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டிக் காட்டினாள். "முடிச்சு ஒண்ணொண்ணும் கையால போட்டது. இந்தப் பூவைப் பாருங்க, கோணிக்கிட்டு நிக்குது. மெஷினுக்கு இப்படித் தப்பு பண்ணத் தெரியாது. இந்தத் தப்புக்காகவே வாங்கினேன்." வந்தவர்கள் மண்டியிட்டு, கைக்குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோல அந்தப் பூவைத் தடவினார்கள். தேநீர்த் தட்டோடு நின்ற வேலைக்காரி செல்லக்கிளிக்குச் சிரிப்பு வந்தது. பத்து வயதில் கம்பளத் தறியில் உட்கார்ந்திருந்தபோது அவளும் ஒரு பூவைக் கோணலாக முடிந்துவிட்டாள். முடிச்சுகளை அடித்து இறுக்கும் இரும்புச் சீப்பை மேஸ்திரி அவள் விரல்கள்மேல் இறக்கினான். அன்றைக்கு மடங்கிய இரண்டு விரல்கள் இன்னும் நிமிரவில்லை. அந்த விரல்களிலிருந்துதான் இப்போது தட்டு நழுவியது. கொதிக்கும் தேநீர் பாதி அவள் காலிலும் பாதி பூவிலும் கொட்டியது. "கோணக் கையை வச்சுக்கிட்டு ஏண்டி என் உசிரை வாங்குற?" என்று பாய்ந்தாள் மைதிலி. செல்லக்கிளி வெந்த காலை மடக்கி உட்கார்ந்து, முந்தானையால் துடைக்கப் போனாள். மைதிலி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். குரல் திடீரென்று கனிந்திருந்தது. "தேய்க்காத. மெதுவா ஒத்தி எடு. கையால செஞ்சதுடி, தாங்காது."